லியோங் பாஸின் குதிகால்

பதினோரு வருஷம் ஈப்போவில் ஒரு ஹோட்டல் லவுஞ்சில் டிரம்ஸ் வாசித்தேன். முதல் மூன்று மாதத்தைக் கழித்துவிட்டால், நான் தாளத்தை விட்டது ஒரே ஒரு பாட்டில். அதுவும் தெரிந்தே விட்டது. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதலாம், பொய்யாகிவிடும். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

இசைக்குழுக்காரர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம். "அங்கிள், ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்று போனில் கேட்டார்கள். எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஜெலாப்பாங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். மேடையில் ஒரே ஆள், ஒரே கீபோர்டு. பேஸ், டிரம்ஸ், தபேலா எல்லாம் அதற்குள்ளிருந்து வந்தது. பக்கத்தில் ஒரு நாற்காலி சும்மா கிடந்தது. என் மனைவி பார்வதி முழங்கையால் இடித்து, "என்னங்க, உங்க சீட்டு காலியாத்தான் இருக்கு. போய் உக்காருங்களேன்" என்றாள். நாற்பது வருஷமாக இந்தக் கிண்டல்தான். அன்று வீட்டுக்கு வந்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். இரண்டு பக்கத்தில் அடங்காது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார்கள். நான் பன்னிரண்டு வயதிலிருந்து தோட்டத்துக் கோயிலில் தப்பும் உறுமியும் அடித்தேன். அங்கே ஒரே சட்டம்தான். அருள் வந்து ஆடுகிறவரின் காலைப் பார்த்து அடிக்க வேண்டும். அவர் கால் வேகமெடுத்தால் நம் கையும் வேகமெடுக்க வேண்டும். அவர் தள்ளாடினால் நாமும் தள்ளாடி, கீழே விழாமல் அவரைத் தாங்கிக் கொண்டுபோய்க் கோயில் வாசலில் சேர்க்க வேண்டும். அடிக்கிறவன் பார்வை அந்தக் காலைவிட்டு அசைந்தால் முதுகில் ஒன்று விழும். நான் நிறைய வாங்கியிருக்கிறேன்.

பிறகு ஈப்போவுக்கு வந்தேன். ஜெலாப்பாங்கில் பழைய டயருக்கு ரப்பர் ஒட்டும் தொழிற்சாலையில் வேலை. சாயங்காலங்களில் கல்யாண வீட்டு பேண்டுகளில் டிரம்ஸ் பழகினேன். யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. அடித்து அடித்துத்தான் வந்தது. அந்தக் கல்யாணங்களில் கித்தார் வாசித்தவன் ஹமீது. அவன் அப்பாவுக்கு ஈப்போவில் சாப்பாட்டுக் கடை. பரோட்டா வீச விருப்பமில்லாமல் கித்தாரைப் பிடித்தவன். எழுபதுகளின் நடுவில் ஒருநாள் என்னிடம் ஓடிவந்தான்.

"மச்சான், எங்க லவுஞ்சுல டிரம்ஸ்காரன் கோலாலம்பூருக்குப் போய்ட்டான்லா. எங்க பாஸ் ஒரு ஆள் தேடுறாரு. சப்பாத்துக்கு நல்லா பாலிஷ் போட்டுட்டு வா."

"சப்பாத்து எதுக்குடா? வாசிக்கத்தானே கூப்புடுறே?"

"வந்து பாரு, தெரியும்."

பாஸ் என்பது லியோங். ஐம்பது வயதைத் தாண்டிய சீனர், ஒல்லி, எலெக்ட்ரிக் ஆர்கன் வாசிப்பவர். இளவயதில் லம்பத்தில், அதாவது ஈயச் சுரங்கத்தில், ஆபீஸ் கிளார்க்காக இருந்துவிட்டு, கேபரே மேடைகளில் தேறியவர். மலாயும் தமிழும் கலந்து பேசுவார். என்னைப் பார்த்ததும் கையை நீட்டச் சொன்னார். நகத்தைப் பார்த்தார். பிறகு சப்பாத்தைப் பார்த்தார். அதற்கப்புறம்தான் டிரம்ஸ் குச்சிக்குப் பதிலாகக் கம்பி பிரஷ் இரண்டைக் கொடுத்து, ரும்பா தாளம் அடிக்கச் சொன்னார். நான் அடிக்க, அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கோப்பைத் தேத்தண்ணியை முழுவதும் குடித்து முடித்தார். "போலே லா" என்றார். முடியும், பரவாயில்லை என்று அர்த்தம். அவர் வாயிலிருந்து வரும் ஆகப் பெரிய பாராட்டே அதுதான் என்பது எனக்கு அப்போது தெரியாது. தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, ஆறு மாதக் கான்ட்ராக்டில் கையெழுத்துப் போட்டேன். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

நாங்கள் நான்கு பேர். லியோங் பாஸ் ஆர்கன், ஹமீது கித்தார், நான் டிரம்ஸ், பாட்டுக்கு ரீட்டா அக்கா. ரீட்டா அக்கா ஈப்போக்காரர், மாதா கோயில் பாட்டுக் குழுவில் பாடி வளர்ந்தவர். கான்டனீஸ் ஒரு சொல்கூடப் பேசத் தெரியாது. ஆனால் நாற்பது கான்டனீஸ் பாட்டுகளைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்திருந்தார், பள்ளிக்கூடத்துக் கோடு போட்ட நோட்டில். அவர் கண்ணை மூடிப் பாடும்போது சீனக் கிழவிகள் கைக்குட்டையை எடுப்பார்கள். "என்னக்கா அர்த்தம்?" என்று கேட்டால், "யாருக்குடா தெரியும்? அழுவுறாங்கல்ல, அது போதும்" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை டீ டான்ஸ். மேடைக்கு முன்னால் மரத்தரை, சுற்றிலும் மேசைகள். வாத்தியார்கள், கடை முதலாளிகள், லம்பத்து ஆபீஸ்காரர்கள் எல்லோரும் மனைவியோடு வந்து ஆடுவார்கள். என் முதல் டீ டான்ஸிலேயே மானம் போனது.

சாச்சா என்கிற ஆட்டப் பாட்டு வாசித்துக்கொண்டிருந்தோம். எனக்கு நேர் எதிரே பச்சைக் கவுன் போட்ட ஒரு அம்மா, கணவரோடு ஆடினார். அடடா, என்ன ஆட்டம்! என் கண் அந்தக் கால்களில் போய் விழுந்தது. அவ்வளவுதான், தோட்டத்துக் கோயிலுக்கே போய்விட்டேன். அவர்கள் ஏற ஏற நானும் ஏறினேன். மற்ற ஜோடிகள் ஒருவர்மேல் ஒருவர் மோதினார்கள். ரீட்டா அக்காவுக்கு மூச்சு வாங்கியது. லியோங் பாஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடது கையை ஆர்கனிலிருந்து எடுத்து நீட்டி, உள்ளங்கையை என் தாளத்தட்டின்மேல் வைத்து அழுத்தினார். சத்தம் செத்தது. வலது கையால் மட்டும் வாசித்தபடியே, குதிகாலால் தரையில் தட்டித் தட்டி என்னைப் பழைய வேகத்துக்குக் கொண்டுவந்தார்.

இடைவேளையில் சமையலறைக்குப் பின்னாலிருந்த நடையில் என்னை நிறுத்தினார். கத்தவில்லை. அவர் கத்தி நான் பார்த்ததே இல்லை.

"யாரைப் பாத்து அடிச்சே?"

"ஆடுறவங்களப் பாத்துத்தான், பாஸ். எங்க கோயில்ல அப்படித்தான் அடிப்போம்."

கோயில் கதை முழுவதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அங்க எத்தனை பேர் ஆடுவாங்க?" என்றார்.

"அருள் வந்தவர் ஒருத்தர்தான்."

"ஹா. அங்க ஒருத்தர். இங்க முப்பது ஜோடி. நீ யார் பின்னால போவே? நீ நில்லு. அவங்க உன்கிட்ட வருவாங்க. ஜாங்ஙான் இக்குட்."

பின்னால் போகாதே. அந்த இரண்டு மலாய் வார்த்தைகளை அடுத்த ஆறு வருஷத்தில் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை.

மறுவாரம் மேடைக்கு வந்தால், என் டிரம்ஸுக்கு முன்னால் இரண்டு கம்பத்தை நட்டு, ஒரு பெரிய குளியல் துண்டைத் தொங்கவிட்டிருந்தார். ஆடுகிறவர்களின் இடுப்புக்கு மேலேதான் எனக்குத் தெரியும். கால் தெரியாது. மூன்று மாதம் அந்தத் துண்டுக்குப் பின்னால் வாசித்தேன். வெயிட்டர்கள், "மாரிமுத்து குளிக்கிறாரு" என்று சிரிப்பார்கள். பகலில் ஒரு மணி நேரம் முன்னதாக வரச்சொல்லி, சாவி கொடுத்தால் டக் டக்கென்று ஆடும் தாளக்கருவியை வைத்துவிட்டு, பழைய டெலிபோன் புத்தகத்தின்மேல் என்னைப் பிரஷ் அடிக்க வைப்பார். பத்து நிமிஷம் ஆனதும் கருவியை வேறு அறைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். நான் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொரு பத்து நிமிஷம் கழித்துத் திரும்பிக் கொண்டுவருவார். அது ஆடுவதும் நான் அடிப்பதும் ஒன்றாக இருந்தால் தேத்தண்ணி. இல்லையென்றால் முதலிலிருந்து. நான்காம் மாதம் ஒருநாள் துண்டு காணாமல் போயிருந்தது.

பாஸிடம் ஒரு கறுப்பு நோட்டு இருந்தது. ஒவ்வொரு பாட்டின் பெயரும், அதற்கு நேரே தாளக்கருவியின் வேக எண்ணும் அதில் இருக்கும். அந்த எண்ணைப் பார்த்து, வலது குதிகாலால் நாலு தட்டு தட்டுவார். நாங்கள் உள்ளே நுழைய வேண்டும். வாடிக்கையாளர்கள் விரும்பும் பாட்டைச் சீட்டில் எழுதி வெயிட்டரிடம் கொடுப்பார்கள். பாஸ் சீட்டுகளைச் சூதாட்டக்காரரைப் போல விசிறியாகப் பிடித்து அடுக்குவார். இரண்டு வேகப் பாட்டு அடுத்தடுத்து வராது. ஒரு மேசைக்கு இரண்டு பாட்டு போனால் அடுத்த மேசை முகத்தைத் தூக்கும், அதனால் ஒன்றுதான். வயசானவர்கள் எழுதிய சீட்டு எப்போதும் முதல் அரைமணிக்குள் வந்துவிடும். "அவங்களுக்கு நேரம் கம்மி" என்பார். அவர்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போவதைத்தான் சொல்கிறார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அப்படி வருகிறவர்களில் ஒரு ஜோடி இருந்தார்கள். மிஸ்டர் சின்னும் அவர் மனைவியும். ஈயம் தோண்டும் கப்பலில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு தவறாமல் வருவார்கள். சீட்டில் எப்போதும் ஒரே வால்ட்ஸ்தான் எழுதியிருக்கும். அந்த ஒரு பாட்டுக்கு ஆடுவார்கள், கேக் சாப்பிடுவார்கள், போய்விடுவார்கள். நோட்டைப் பார்க்காமலே அந்த வால்ட்ஸின் வேகம் என் கையில் இருந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஹோட்டலுக்குப் புது மேனேஜர் வந்தார். கோலாலம்பூர் ஆள், சின்ன வயசு, கெட்டவர் என்று சொல்லமாட்டேன். வந்த மறுமாதம் ஆர்கனுக்குப் பக்கத்தில் வைக்கும் ஒரு ரிதம் பெட்டியை வாங்கிவந்தார். வால்ட்ஸ், ரும்பா, சாச்சா, ஜோகெட் என்று வரிசையாகப் பொத்தான்கள். அமுக்கினால் டிரம்ஸ் தானே அடிக்கும். அடுத்த கான்ட்ராக்ட் மூன்று பேருக்குத்தான் என்று பேச்சு வந்தது. ஒரு ஞாயிறு டீ டான்ஸை அந்தப் பெட்டியோடு நடத்திப் பார்க்கலாம், அன்றைக்கு மாரிமுத்து வாசிக்க வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

ஹமீது என்னைச் சிரிக்கவைக்கப் பார்த்தான். "அதுக்கு சம்பளம் வேணாம், தேத்தண்ணி வேணாம், சப்பாத்துக்குப் பாலிஷ்கூட வேணாம்லா மச்சான்." எனக்குச் சிரிப்பு வரவில்லை. பார்வதி அப்போது ஏழு மாதம். ஜெலாப்பாங் தொழிற்சாலையில் என் இடத்துக்கு எப்போதோ வேறு ஆள் வந்துவிட்டான். முப்பத்துமூன்று வயதில், கம்பி பிரஷ் பிடிக்க மட்டும் தெரிந்தவனுக்கு எவன் வேலை கொடுப்பான்?

சனிக்கிழமை பாஸ் என்னிடம், "நாளைக்கு வா. முழு டிரெஸ்ஸோட வா. மேசையில உக்காரு" என்றார்.

"வாசிக்கறதுக்கா, பாஸ்?"

"உக்கார்றதுக்கு."

அவமானமாக இருந்தது. போகமாட்டேன் என்று வீட்டில் சொன்னேன். பார்வதி என் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, "ஒரு பொட்டிக்குப் பயந்து வீட்டுல உக்காந்துட்டாருன்னு என் புள்ளைகிட்ட நான் சொல்லணுமா? போயிட்டு வாங்க" என்றாள்.

போனேன். மேடையோரமாக ஒரு மேசையில் உட்கார்ந்தேன். மேடையில் என் டிரம்ஸ் இல்லை, எடுத்து ஓரங்கட்டியிருந்தார்கள். மூன்று மணிக்குப் பெட்டி வாசிக்கத் தொடங்கியது. உண்மையைச் சொல்கிறேன், நன்றாகவே வாசித்தது. ஒரு மயிரிழை பிசகவில்லை. முப்பது ஜோடியும் அழகாக ஆடினார்கள். மேனேஜர் வாசலில் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரம் பெட்டிமேல் இல்லை, பாஸ்மேல். பின்னால் போகாதே, பின்னால் போகாதே என்று ஆறு வருஷம் என்னைச் சொல்லிச் சொல்லி எதுவாக ஆக்கினாரோ, அது இப்போது கடையிலேயே விற்கிறது. பிறகு நான் எதற்கு?

மூன்றரை இருக்கும். மிஸ்டர் சின் உள்ளே வந்தார். மூன்று மாதமாக வராதவர். ஒரு பக்கம் இழுத்துவிட்டதாம். இடது காலைத் தரையோடு இழுத்தபடி, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். அந்த அம்மா நாற்காலியில்கூட உட்காரவில்லை. நின்றபடியே சீட்டு எழுதிக் கொடுத்தார்.

பாஸ் சீட்டைப் படித்தார். கையிலிருந்த மற்ற சீட்டுகளுக்கெல்லாம் மேலே அதை வைத்தார். ஆடிக்கொண்டிருந்தவர்கள் தாங்களாகவே ஒதுங்கி ஓரத்துக்குப் போனார்கள். தரையில் அந்த இரண்டு பேர் மட்டும். பாஸ் வால்ட்ஸ் பொத்தானை அமுக்கினார்.

முதல் அடி சரியாக வந்தது. இரண்டாவது அடிக்குள் பெட்டி முன்னால் போய்விட்டது. மிஸ்டர் சின் நின்றார். மறுபடி முயன்றார். மறுபடி தப்பியது. பாஸ் வேகத்தைக் குறைக்கும் திருகைத் திருப்பினார். பெட்டி மெதுவானது. ஆனாலும் பொருந்தவில்லை. நல்ல கால் சட்டென்று விழுகிறது, இழுக்கிற கால் தாமதமாக வருகிறது, அதுவும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு மாதிரி. அதற்கு ஏது திருகு? மூன்றாவது முறை தப்பியபோது மிஸ்டர் சின் மனைவியின் காதில் ஏதோ சொன்னார். போய்விடலாம் என்றுதான் சொல்லியிருப்பார். அந்த அம்மா தலையை அசைத்து மறுத்தார். அந்த அம்மாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

பாஸ் பெட்டியை நிறுத்தினார். ஆர்கனில் ஒரே சுருதியை நீட்டிப் பிடித்துக்கொண்டே, "முத்து" என்றார்.

எழுந்து போனேன். ஆர்கனுக்குப் பின்னால் என் ஸ்னேர் டிரம் மட்டும் இருந்தது. அதன்மேல் அந்தப் பழைய குளியல் துண்டு. துண்டை எடுத்தால் பிரஷ் இரண்டும் இருந்தன. அவை ஏன் அங்கே இருந்தன என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. உட்கார்ந்து, வழக்கம்போல அவர் குதிகாலைப் பார்த்தேன். தட்டுக்காகக் காத்திருந்தேன். குதிகால் அசையவில்லை.

"பாஸ், கவுன்ட்?"

"ஒருத்தர்தான் ஆடுறாரு" என்றார். "இக்குட்."

பின்னால் போ என்கிறார். காதில் விழுந்ததை நம்ப எனக்கு ஒரு வினாடி ஆனது. பிறகு நிமிர்ந்து மிஸ்டர் சின்னின் சப்பாத்துகளைப் பார்த்தேன். நல்ல கால் விழுந்தது, பிரஷைப் போட்டேன். இழுக்கிற கால் வரும்வரை பிரஷை வட்டமாகத் தோலில் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அது தரையைத் தொட்டதும் மெல்லத் தட்டினேன். மறுபடி நல்ல கால். ஆர்கன் என் கைக்குப் பின்னால் வந்தது. ஹமீது என்னையே பார்த்துக்கொண்டு வாசித்தான். ரீட்டா அக்கா பாட்டின் வரிகளை ரப்பர் மாதிரி இழுத்துக் கொடுத்தார். ஓரிடத்தில் மிஸ்டர் சின் தடுமாறி மனைவிமேல் சாய்ந்துவிட்டார். நாங்கள் நாலு பேரும் அந்த ஒரு அடிக்காகக் காத்திருந்தோம். அவர் நிமிர்ந்தார், கால் விழுந்தது, பாட்டு தொடர்ந்தது. என் கண்ணில் நீர் முட்டியது. ஆனால் துடைக்கவில்லை. துடைத்தால் பார்வை காலைவிட்டுப் போய்விடும். அந்தத் தரையை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றிவந்து, அவருடைய மேசைக்கு எதிரே அவரைக் கொண்டுபோய் விட்டேன்.

கைதட்டல் அடங்கியதும் மேனேஜர் மேடைக்கு வந்தார். பாஸ் எழுந்து மரியாதையாக அவரிடம் சொன்னார்: "பெட்டி நல்ல பெட்டி, சார். ரெண்டு காலும் நல்லா இருக்கறவங்களுக்கு வாசிக்கட்டும்."

மேனேஜர் மிஸ்டர் சின்னின் மேசையைத் திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பிப் போய்விட்டார். அடுத்த கான்ட்ராக்ட் நான்கு பேருக்கு வந்தது. பெட்டி ஆர்கன் பக்கத்திலேயே இருந்தது. பாஸ் அதன்மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைப்பார். என் மகன் பிறந்தபோது நான் வேலையில்தான் இருந்தேன். பிறகும் ஐந்து வருஷம் இருந்தேன். லவுஞ்சையே இடித்துச் சாப்பாட்டு மண்டபமாக்கிய பிறகுதான் இறங்கினேன்.

அந்தச் சம்பவத்தைப் பற்றிப் பாஸ் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. "போலே லா" கூடச் சொல்லவில்லை. மறுநாளே, ரும்பாவில் வேகமெடுத்துவிடுவேனோ என்று, "ஜாங்ஙான் இக்குட்" என்று கண்ணை உருட்டினார்.

அடுத்த ஞாயிறு மிஸ்டர் சின்னின் சீட்டு வந்தபோது, பாஸ் பழக்கத்தில் கறுப்பு நோட்டைத் திறந்துவைத்தார். எட்டிப் பார்த்தேன். அந்த வால்ட்ஸுக்கு நேரே இருந்த எண்ணைக் கோடு போட்டு அடித்திருந்தார். பக்கத்தில் சீனத்தில் ஒரே ஒரு எழுத்து. இடைவேளையில் வெயிட்டர் ஆ செங்கைக் கூப்பிட்டு, அது என்ன என்று கேட்டேன்.

"அதுவா?" என்றான். "கால்."

"வேற ஒண்ணும் இல்லையா?"

"இல்லையே. கால்னு மட்டும்தான் எழுதியிருக்காரு."